சோடியம் சின்னதுதான், ஆனாலும் உள்ளே போகாது: வாசகர் கேள்வி பதில்

தண்ணீர் சுத்திகரிக்கும் ஆர்ஓ மெஷினில் இருக்கும் மெல்லிய படலமான மெம்பிரேன் உப்பை எப்படிப் பிரிக்கிறது என்று போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, "எங்க வீட்டு மெஷினை யார் சர்வீஸ் பண்ணுவாங்க?" என்பதுதான். அதற்கு நான் ஆள் இல்லை. எம்எஸ்சி வேதியியல் படித்துவிட்டு ஒத்தக்கடைப் பக்கம் கேன் தண்ணீர் பிளான்ட் நடத்துகிறேன், அவ்வளவுதான். மீதிக் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: மெம்பிரேனில் இருக்கும் ஓட்டை உப்பை விடச் சின்னது, அதனால்தான் உப்பு நின்றுவிடுகிறது என்று டியூஷனில் சொன்னார்கள். ஆனால் சோடியம் அயனி தண்ணீர் மூலக்கூறை விடச் சின்னது என்று புத்தகத்தில் இருக்கிறது. எது சரி மேடம்?
— பிளஸ் டூ மாணவர், உசிலம்பட்டி

புத்தகம் சரி, தம்பி. சோடியம் அயனியின் குறுக்களவு சுமார் 0.2 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு 0.28 பக்கம் வரும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அளவை மட்டும் பார்த்தால் தண்ணீர் நிற்க வேண்டும், சோடியம் ஓட வேண்டும். நடப்பது தலைகீழ்.

காரணம், தண்ணீருக்குள் சோடியம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். நேர்மின் உள்ள சோடியத்தைச் சுற்றி ஐந்தாறு மூலக்கூறுகள் ஆக்சிஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெருக்கி நிற்கும். அந்தக் கூட்டத்தோடு சேர்த்து அளந்தால் குறுக்களவு 0.7 நானோமீட்டர். மெம்பிரேனில் உள்ள இடுக்கோ அரை நானோமீட்டர் சுமார். கூட்டத்தோடு நுழைய வழியில்லை.

சரி, கூட்டத்தை உதறிவிட்டுத் தனியாக நுழையலாமே என்று கேட்பாய். அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஒரு மோல் சோடியம் அயனியிடமிருந்து தண்ணீரை முழுதாக உரிக்க ஏறக்குறைய 400 கிலோஜூல் வேண்டும். அறை வெப்பத்தில் மூலக்கூறுகளின் துள்ளலில் கிடைப்பது மோலுக்குச் சுமார் 2.5 கிலோஜூல். முழுதாக உரிக்க வேண்டாம், இரண்டு மூன்று மூலக்கூறுகளைக் கழற்றினால் போதும் என்று வைத்துக்கொண்டாலும், இந்தச் சில்லறையில் அந்தச் செலவு அடங்காது. தண்ணீர் மூலக்கூறுக்கு இந்தத் தொல்லை குறைவு. பக்கத்துத் தண்ணீரோடு இருந்த பிணைப்பை விட்டு, உள்ளே இருக்கும் இன்னொரு தண்ணீரையோ, பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெம்பிரேனின் அமைடு முனையையோ பிடித்துக்கொள்ளும்.

இன்னும் இரண்டு தடை உண்டு. தண்ணீர் மின் விசையை 80 மடங்கு தணிக்கும். பாலிஅமைடு பிளாஸ்டிக் மூன்று நான்கு மடங்குதான் தணிக்கும். மின்னூட்டம் உள்ள எதற்கும் தண்ணீரை விட்டுப் பிளாஸ்டிக் நடுவே போவது நஷ்டம். இடுக்குக்குள் இருக்கும் தண்ணீராவது காப்பாற்றுமா என்றால், அதுவும் முழுசாக இல்லை. சில மூலக்கூறு அடுக்கு மட்டுமே இருக்கும்படி தண்ணீரை நெருக்கி அடைத்து மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2018இல் அளந்தார்கள். அந்த 80 என்ற எண் 2 பக்கம் இறங்கியிருந்தது. ஒல்லியான இடத்தில் அடைபட்ட தண்ணீர் வேறு குணம் காட்டுகிறது.

இன்னொன்று மெம்பிரேனின் சொந்த மின்னூட்டம். செய்யும்போது வினை முடியாமல் தொங்கிப்போன கார்பாக்சில் முனைகள் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின் ஏறி நிற்கும். அவை உப்பின் மறுபாதியான, எதிர்மின் உள்ள குளோரைடைத் தள்ளும். சோடியத்தை இழுக்கத்தானே செய்யும்? இழுக்கும். ஆனால் ஜோடியை விட்டுவிட்டு சோடியம் மட்டும் மறுபக்கம் போய்க் குவிய முடியாது. அங்கே கொஞ்சம் நேர்மின் சேர்ந்தாலே பின்னால் வருவதைத் திருப்பி அடித்துவிடும். குளோரைடு நின்றால் சோடியமும் நிற்க வேண்டியதுதான்.

டியூஷன் சாரிடம் சண்டைக்குப் போகாதே. அளவு என்பதும் பொய்யில்லை. கூட்டத்தோடு சேர்ந்த அளவு என்று சொல்லி, கூட்டத்தை ஏன் விட முடியாது என்பதையும் ஒரு வரி எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்காமல் இருக்க முடியாது.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் முட்டை நாற்றம். ஆர்ஓ போட்ட பிறகு டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1,400இலிருந்து 60க்கு வந்துவிட்டது, நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. போலி மெம்பிரேனை மாட்டிவிட்டார்களா அக்கா?
— ஒரு வாசகி, மேலூர்

1,400ஐ 60 ஆக்கும் மெம்பிரேன் போலியாக இருக்க முடியாதும்மா. நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. அது தண்ணீர் மூலக்கூறை விடக் கொஞ்சம் பெரிது. அப்படியும் நுழைந்துவிடும், ஏனென்றால் அதற்கு மின்னூட்டம் இல்லை, சுற்றி இறுக்கிப் பிடித்த தண்ணீர்க் கூட்டமும் இல்லை. மேலே உசிலம்பட்டித் தம்பி கேட்டதற்கு உங்கள் வீட்டுக் குழாயே சாட்சி: சின்ன சோடியம் நிற்கிறது, பெரிய வாயு போகிறது. டிடிஎஸ் மீட்டரிலும் இது தெரியாது. அந்தக் கருவி தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்றுதான் பார்க்கிறது. மின்னூட்டம் இல்லாத வாயு அதன் கணக்கில் வராது.

கார்பன் டைஆக்சைடும் இதே வழிதான். எங்கள் பிளான்ட்டில் போர் தண்ணீரில் பிஎச் தாளை நனைத்தால் லேசான பச்சை, 7.5 பக்கம். மெம்பிரேன் தாண்டி வரும் குழாயில் அப்போதே பிடித்து நனைத்தால் மஞ்சள், 6தான். தண்ணீரைக் காரமாக வைத்திருந்த பைகார்பனேட் மின்னூட்டம் உள்ளது, அதனால் நின்றுவிட்டது. அமிலமாக்கும் கார்பன் டைஆக்சைடு மட்டும் கூடவே வந்துவிட்டது. அதே தண்ணீரை வாளியில் ஊற்றி ஊற்றி ஆற்றிவிட்டுத் தாளை வைத்தால் நிறம் கொஞ்சம் பச்சைக்குத் திரும்பும். கடல் தண்ணீரை நன்னீராக்கும் ஆலைகளில் போரானோடு படும் பாடும் இதுவே. போரிக் அமிலமாக, மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் நழுவிவிடும். அதற்காகத் தண்ணீரின் பிஎச்சை ஏற்றி, போரானுக்கு எதிர்மின் வரவைத்து, இரண்டாவது மெம்பிரேனில் பிடிப்பார்கள்.

உங்களுக்கு வேண்டியது மெம்பிரேன் மாற்றுவது இல்லை. போர் தண்ணீரைத் தொட்டியில் ஷவர் மாதிரி உயரத்திலிருந்து விழவிடுங்கள், பாதி வாயு அங்கேயே பறந்துவிடும். மிச்சத்துக்குக் கொஞ்சம் குளோரின், அதன் பிறகு கார்பன் ஃபில்டர். வரிசை முக்கியம். குளோரின் மெம்பிரேன் வரை போனால் பாலிஅமைடை அரித்துவிடும், அப்புறம் உப்பும் சேர்ந்து வரும்.

கேள்வி: மெம்பிரேன் ஓட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுமா?
— அலங்காநல்லூர் வாசகர்

ஓட்டை என்று துளைபோட்ட மாதிரி ஒன்றும் இல்லை சார். வீட்டில் கழற்றிப்போட்ட மெம்பிரேன் இருந்தால் பேப்பர் கத்தியால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். நடுவில் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழல். அதைச் சுற்றிப் பாயாகச் சுருட்டிய வெள்ளைத் தாள்கள், இடையிடையே கொசுவலை போன்ற நெட். நம் ஊர் போர் தண்ணீரில் ஓடியதாக இருந்தால் நெட்டின் பள்ளத்தில் எல்லாம் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். அதில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். அது சுண்ணாம்புக் கார்பனேட். தாளின் ஒரு முகம் மங்கல், ஒரு முகம் பளபளப்பு. பளபளப்புக்குள்தான் வேலை நடக்கிறது.

அந்தத் தாள் மூன்று அடுக்கு. அடியில் பாலியெஸ்டர் துணி, அதன் மேல் பாலிசல்ஃபோன், உச்சியில் பாலிஅமைடு. முதல் இரண்டும் தாங்கிப் பிடிக்கத்தான். உப்பை நிறுத்தும் பாலிஅமைடு படலம் 100, 200 நானோமீட்டர்தான் இருக்கும். இதைப் பூசுவதில்லை, அங்கேயே வளர்க்கிறார்கள். ஒரு அமீனைத் தண்ணீரில் கரைத்துத் தாளை நனைத்து, மேலே தண்ணீரோடு கலக்காத ஹெக்சேனில் கரைத்த அமிலக் குளோரைடை ஊற்றினால், இரண்டும் சேரும் கோட்டில் சில நொடியில் தோல் கட்டிவிடும். தோல் கட்டியதும் இரண்டு திரவமும் ஒன்றையொன்று தொட முடியாது, அதனால் அது தானாகவே மெல்லியதாக நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ஜான் கடோட் 1970களில் செய்தது. இன்றும் உலகம் முழுக்க ஆர்ஓ என்றால் பெரும்பாலும் இதுதான். அதற்கு முன்னோடி, 1960 வாக்கில் கலிஃபோர்னியாவில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவில் பிறந்த சௌரிராஜனும் சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட்டில் செய்த மெம்பிரேன். 1965இல் அங்கே கோலிங்கா என்ற சின்ன ஊர் அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது.

எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மேல்முகம் கசங்கிச் சுருண்டு தெரியும். இடுக்கு தெரியாது. அது பாலிமர் சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம். சங்கிலி நெளிய நெளியத் திறக்கும், மூடும். ஒரு சதுர மீட்டர் மெம்பிரேன் மணிக்கு 25 லிட்டர் கொடுக்கிறது என்றால், அது ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்ததற்குச் சமம். நல்ல மழைதான்! இவ்வளவு நெருக்கத்தில் அது எப்படி நடக்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. தண்ணீர் பிளாஸ்டிக்கில் கரைந்து ஒவ்வொரு மூலக்கூறாகப் பரவிப் போகிறது என்பது 1960களிலிருந்து பாடப்புத்தகக் கருத்து. அப்படி இல்லை, அழுத்த வேறுபாட்டில் தண்ணீர் கொத்துக் கொத்தாக இடுக்குகள் வழியே ஓடுகிறது என்று 2023இல் ஒரு அமெரிக்கக் குழு அடித்துச் சொன்னது. எனக்கு இரண்டாவது கட்சி பிடித்திருக்கிறது. பம்பின் அழுத்தத்தை ஏற்றினால் என்ன நடக்கிறது என்பதைத் தினமும் பார்ப்பவளுக்கு, ஓடுகிறது என்று சொல்வதுதான் இயல்பாக வருகிறது. இது ஆதாரம் இல்லை, அபிப்பிராயம்தான்.

கேள்வி: என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அங்கேயும் மெம்பிரேன்தான் என்கிறார்கள். ஆனால் பொட்டாசியம் வெளியே போகிறது என்கிறார்கள். உங்கள் மெம்பிரேன் நிறுத்துவதை அது எப்படி விடுகிறது?
— சகோதரி ஒருவர், அண்ணாநகர், மதுரை

பெயர் ஒன்று, வேலை வேறு. டயாலிசிஸ் மெஷினில் மாட்டும் அந்தக் குழலுக்குள் சுமார் பத்தாயிரம் மெல்லிய நார்க்குழாய்கள் இருக்கும். ரத்தம் அவற்றின் உள்ளே ஓடும். சுவரில் உள்ள துளைகள் சில நானோமீட்டர், அதாவது ஆர்ஓ இடுக்கைப் போலப் பல மடங்கு. பொட்டாசியம் தன்னைச் சுற்றிய தண்ணீரோடு அப்படியே போகலாம், எதையும் கழற்ற வேண்டாம். யூரியாவும் போகும். ரத்த அணுவும் ஆல்புமின் புரதமும் பெரிது, அவை போகாது.

இங்கே திசையைத் தீர்மானிப்பது இரண்டு பக்கமும் இருக்கும் அளவு. வெளியே ஓடும் கரைசலில் பொட்டாசியத்தைக் குறைவாக வைப்பார்கள், அதனால் ரத்தத்திலிருந்து வெளியேறும். சோடியத்தை ரத்தத்தில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வைப்பார்கள், அதனால் அதிகம் போகாது. பைகார்பனேட்டைக் கூடுதலாக வைத்தால் அது ரத்தத்துக்குள் வரும். உடம்பில் தேங்கிய தண்ணீரை மட்டும் அழுத்த வேறுபாட்டில் இழுப்பார்கள்.

இன்னொரு செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நிமிடத்துக்கு 500 மில்லி என்று நாலு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் கரைசல். துளை பெரிது என்பதால் அந்தத் தண்ணீரில் இருக்கும் அலுமினியம் போன்றவை ரத்தத்துக்குள் போய்விடும். அதனால்தான் டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு ஆர்ஓ பிளான்ட் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் இறுக்கமான மெம்பிரேன், பிறகு தாராளமான மெம்பிரேன். அவருக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம், என்ன பழம் சாப்பிடலாம் என்பதை மட்டும் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: நம் உடம்பு செல்களும் தண்ணீரையும் அயனிகளையும் பிரித்து விடுகின்றனவே, அதை ஏன் எழுதவில்லை?
— ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர், சோழவந்தான்

இடம் இல்லை ஐயா, ஆசை இருந்தது. 1992இல் அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரே குழு, சிவப்பணுவில் கிடைத்த ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் உண்டாகச் செய்தது. சாதாரணத் தவளை முட்டையை நீர்த்த கரைசலில் போட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இந்தப் புரதம் உள்ள முட்டை சில நிமிடத்தில் ஊதி வெடித்தது. அதுதான் அக்வாபோரின், செல்லின் படலத்தில் தண்ணீருக்கென்று இருக்கும் துளை. ஒரு துளை வழியாக நொடிக்கு நூறு கோடிக்கு மேல் தண்ணீர் மூலக்கூறுகள் ஒற்றை வரிசையில் போகும். ஒடுங்கிய இடம் சரியாக ஒரு மூலக்கூறு அகலம். உப்பு போகாது, புரோட்டான்கூடப் போகாது. தண்ணீர் வரிசையில் புரோட்டான் ஒன்றின் மேலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டும். நடுவழியில் தண்ணீர் மூலக்கூறு முகம் திரும்பிவிடுவதாலும் அங்கே நிற்கும் நேர்மின் புலத்தாலும் அது முடிவதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது, செல்லின் படலத்தில் இருக்கும் இன்னொரு புரதமான பொட்டாசியம் வாசல். 1998இல் ரோடரிக் மெக்கினன் அதன் உருவத்தை எக்ஸ்ரேயில் காட்டினார். 2003இல் ஆக்ரேயும் அவரும் சேர்ந்து நோபல் வாங்கினார்கள். அந்த வாசல் பொட்டாசியத்தை நொடிக்குக் கோடிக்கணக்கில் விடும், அதைவிடச் சின்னதான சோடியத்தை விடாது. எப்படி? தண்ணீர்க் கூட்டத்தைக் கழற்றும் செலவைப் பற்றி மேலே சொன்னேனே, அந்தச் செலவை இங்கே வாசலே ஏற்றுக்கொள்கிறது. வழி நெடுக புரதத்தின் ஆக்சிஜன்கள் உள்நோக்கி நிற்கின்றன. பொட்டாசியம் தண்ணீரின் ஆக்சிஜனை விட்டதும் அதே தூரத்தில் இவை பிடித்துக்கொள்கின்றன. இழப்பு இல்லை, அதனால் தடையும் இல்லை. சோடியம் இன்னும் சின்னது. அதற்கு இந்த ஆக்சிஜன்கள் எட்டாத தூரம். தண்ணீரை விட்டால் ஈடு கிடைக்காது, ஆகவே வெளியிலேயே நிற்கும். நம் பாலிஅமைடு யாருக்கும் ஈடு கொடுப்பதில்லை, எல்லா அயனியும் வெளியே. உயிரோ ஒரே ஒரு அயனிக்கு மட்டும் அளந்து ஈடு கொடுக்கிறது. நான் படித்த வேதியியலில் இதற்கு ஈடான அழகை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கேள்வி: சாயப்பட்டறைக் கழிவுக்கு நானோ ஃபில்டர் போட்டால் உப்பைத் திரும்ப எடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
— செல்லூர் வாசகர்

நீங்கள் சாயத் தொட்டியில் போடுவது எந்த உப்பு என்பதைப் பொறுத்தது அண்ணே. நானோ ஃபில்டர் இடுக்கு ஒரு நானோமீட்டர் சுமார், எதிர்மின் ஏறியது. இரட்டை எதிர்மின் உள்ள சல்ஃபேட்டை அது பலமாகத் தள்ளும், ஒற்றை மின்னூட்டக் குளோரைடைப் பெரும்பாலும் விட்டுவிடும். சாய மூலக்கூறு பெரிது, நின்றுவிடும். ஆக, சாதா உப்பு போட்டிருந்தால் சாயம் ஒருபக்கம் தங்கி, உப்புத் தண்ணீர் மறுபக்கம் தெளிவாக வரும். அடுத்த சாயத்துக்கு அதையே பயன்படுத்தலாம். கிளாபர் உப்பு போட்டிருந்தால் அது சல்ஃபேட், சாயத்தோடு சேர்ந்தே நின்றுவிடும். விற்க வருபவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் டீ மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கார்பன் நானோ குழாய் வழியாகத் தண்ணீர் ஆயிரம் மடங்கு வேகமாக ஓடுகிறதாமே? உங்கள் பிளான்ட்டுக்கு எப்போது வரும்?
— இன்ஜினியரிங் மாணவி, திருப்பரங்குன்றம்

வேகம் உண்மைதான்மா. 2006இல் இரண்டு நானோமீட்டருக்கும் ஒல்லியான குழாய்களில் அளந்தபோது, வழக்கமான ஓட்டக் கணக்கு சொன்னதைவிட ஆயிரம் மடங்கு அளவுக்கு வந்தது. குழாய்ச் சுவர் அவ்வளவு வழுவழுப்பு, தண்ணீரைப் பிடித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அகலத்தில் உப்பும் தன் கூட்டத்தோடு உள்ளே போய்விடும். உப்பை நிறுத்தும் அளவுக்கு ஒடுக்கி, ஒரே அளவில், கிழிசல் இல்லாமல் சதுர மீட்டர் கணக்கில் செய்வதுதான் கஷ்டம்.

அதைவிட, வேகம் கூடினால் கரண்ட் பில் குறையும் என்பது பாதி உண்மைதான். கடல் தண்ணீரில் பாதியை நன்னீராக்க, எப்பேர்ப்பட்ட மெம்பிரேன் வைத்தாலும் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் கட்டாயம். இன்றைய நல்ல ஆலைகள் மூன்று நான்கு யூனிட்டில் ஓடுகின்றன, அதிலும் ஒரு பங்கு முன்சுத்திகரிப்புக்கும் தண்ணீரை இழுத்து வரவும் போகிறது. இன்னும் வேகமான மெம்பிரேனை விட, போரானையும் வாயுவையும் விடாத மெம்பிரேனை யாராவது கொடுத்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

கேள்வி: மார்கழியில் ஆர்ஓ மெதுவாகச் சொட்டுகிறது. பம்ப் போய்விட்டதா?
— கே.கே. நகர் வாசகர்

குளிர்ந்த தண்ணீருக்குப் பிசுக்கு கூடுதல், பாலிமரும் கொஞ்சம் இறுகும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சதவீதம் குறையும். மாசியில் தானாகச் சரியாகும், பம்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு மாநகராட்சிக் குழாயில் வைகைத் தண்ணீர் வருகிறது. டிடிஎஸ் 180. ஆர்ஓ வாங்கலாமா?
— பழங்காநத்தம் வாசகர்

வேண்டாம் சார். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை தாராளமாக ஏற்கலாம். கேன் விற்கிற நானே சொல்கிறேன். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை ரிஜெக்ட் குழாயில் விடும். 180க்கு அது வீண். கிருமி பயம் இருந்தால் கொதிக்க வையுங்கள், அல்லது யூவி போதும். கோடையில் குழாய் நின்று லாரித் தண்ணீர் வாங்கும்போது மட்டும் மீட்டரை மறுபடி வைத்துப் பாருங்கள். எந்த போரில் நிரப்பியது என்று கேட்டால் டிரைவரே சொல்லிவிடுவார்.